அவசரம் என்று சொன்னது

கல்யாணமாகி எட்டு மாதம். மனைவி தாய்வீட்டுக்குக் கிளம்பும்போதெல்லாம், திரும்பி வருவாளா என்று பஸ் மறையும்வரை பார்த்துக்கொண்டு நிற்பேன். காரணம் எனக்குத் தெரியும். தொட்ட மாத்திரத்தில் எனக்கு முடிந்துவிடும்; ஒரு நிமிடம்கூடத் தாங்காது. பஸ் ஸ்டாண்டுச் சுவரில் நோட்டீஸ் பார்த்து லேகியம் வாங்கித் தின்றேன். வயிற்றால் போனதுதான் மிச்சம்.

கடைசியில் தேனியில் ஒரு டாக்டரிடம் போனேன். பக்கத்திலேயே நர்ஸம்மா நின்றார். பார்த்தால் எங்கள் பக்கத்து ஊர்க்காரர் மாதிரி வேறு இருந்தார். என் வாயில் வந்தது இதுதான்: "அவசரமா வந்துருது டாக்டர். அடக்க முடியல." அவர் மூத்திரம் என்று எடுத்துக்கொண்டு, சுகர் டெஸ்ட் எழுதிவிட்டார். திருத்திச் சொல்ல நாக்கு எழவில்லை. மடப்பயல் நான், சீட்டை வாங்கிக்கொண்டு வந்தேன்.

அந்தச் சீட்டு அவள் கண்ணில் பட்டது. அன்றிலிருந்து டீயில் சீனி கிடையாது. ஜெயமங்கலத்திலிருந்து மாமனார் நாவல்கொட்டைப் பொடியோடு பஸ் ஏறி வந்து, இந்த வயதிலேயே சர்க்கரையா என்று கலங்கிப்போனார். ஒரு வாரம் அந்தப் பொடியை விழுங்கினேன்.

ரிசல்ட்டில் சுகர் இல்லை. அவள் தாளை நீட்டி, பிறகு எதற்கு டாக்டரிடம் போனீர்கள் என்று கேட்டாள். தோட்டத்தில் திராட்சைக்கு மருந்தடிக்கணும் என்று நழுவப் பார்த்தேன். வாசலை மறித்து நின்றாள். தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் உள்ளே போய்ச் சேலை மாற்றினாள். ஜெயமங்கலத்துக்குத்தான் கிளம்புகிறாள் என்று நினைத்தேன்.

"கெளம்புங்க. அதே டாக்டர்ட்டயே போவோம்" என்றாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. நிறையப் பேருக்கு இருப்பதுதான், சரிசெய்யலாம் என்றார். வரப்போகிறது என்று தெரியும்போது நிறுத்தி, அடங்கியதும் மறுபடி தொடங்கிப் பழக வேண்டுமாம். கொஞ்சம் மரத்துப்போக வைக்கும் களிம்பு இருக்கிறதாம். மாத்திரையும் உண்டு, ஆனால் அவர் எழுதிக் கொடுத்தால் மட்டுமே. லேகியத்தைக் குப்பையில் போடச் சொன்னார். பழகுவதற்கு இரண்டு பேரும் வேண்டும் என்று சொல்லிவிட்டு, உங்களுக்கு ஏதாவது கேட்கணுமா என்று அவளிடம் திரும்பினார்.



"என்னையப் பிடிக்காமத்தேன் சீக்கிரமா முடிச்சுட்டுத் திரும்பிப் படுத்துக்கிறாகன்னு நெனச்சேன் டாக்டர்."