ஈசானி மூலைக்கு அடுத்த வீடு

வரைபடம் போடுவதற்கு முன்னால் பக்கத்து வீட்டுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வருவது என் வழக்கம். இதற்காக எங்கள் அலுவலகத்தில் என்னைக் கிண்டல் செய்யாத ஆள் கிடையாது. "மேடம் பக்கத்து வீட்ல காபி குடிச்சாத்தான் பென்சிலைத் தொடுவாங்க" என்பார்கள். சொல்லிக்கொள்ளட்டும். கட்டி முடித்த கட்டடம் விழாமல் நிற்க, கம்பியும் சிமெண்டும் கணக்குப் போட வேறு ஆட்கள் இருக்கிறார்கள். கட்டுகிற காலத்தில் அது யார் தலையிலும் விழாமல் இருக்க, வரைகிற மேஜையிலேயே என்ன செய்யலாம் என்று பார்ப்பதுதான் என் வேலை. நகரியில் விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவில் பேசிப் பழகியவள் நான். குரலும் பெரிது, கோபமும் பெரிது. இந்த வேலைக்கு இரண்டும் வேண்டும்.

திருப்பதியில், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் சந்து ஒன்றில் லாட்ஜ் கட்டுகிற வேலை எங்களுக்கு வந்தது. மேலே அறைகள், கீழே வண்டி நிறுத்த ஒரு செல்லார். செல்லார் என்றால் முழு மனையையும் ஓர் ஆள் உயரத்துக்கு மேலேயே தோண்டியாக வேண்டும். மனைக்கு மற்ற பக்கமெல்லாம் பாதையும் வெற்றிடமும்தான். வடகிழக்கு மூலையில் மட்டும் ஒரு பழைய ஓட்டு வீடு, தன் பின்சுவரை எங்கள் மனையோடு ஒட்டிக்கொண்டு நின்றது.

கதவைத் தட்டினேன். திறந்த பெண்ணுக்கு என்னைவிடச் சில வயது கூட இருக்கும். பிச்சாட்டூரில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவர். நான் தமிழில் பேசியதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, நம்ம பக்கமா நீ? வா மேடம், உக்காரு. அவரு அப்பிடித்தான் மொறைச்சிக்கினு இருப்பாரு, கோவம் இல்ல."

அவர் என்றது கணவரை. மலையடிவாரத்து அலிபிரிக்கு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவர், பக்கவாதம் வந்து வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. இரும்புக் கட்டிலில் படுத்திருந்தார். அந்தக் கட்டில் பின்சுவரை ஒட்டிப் போடப்பட்டிருந்தது. சுவரைத் தட்டிப் பார்த்தேன். மண் சாந்தில் கட்டிய செங்கல், அடியில் ஈரம் ஏறியிருந்தது.

"கடைக்கால் எவ்ளோ ஆழம் இருக்கும்கா?"

"யாருக்குத் தெரியும்? எங்க மாமனாரோட நைனா கட்டினதாம்."

கட்டிலை வேறு பக்கம் போட முடியுமா என்று கேட்டேன். அவர் சிரித்தார். ஒரே அறை. இந்தப் பக்கம் போட்டால் வாசல் அடைபடும், அந்தப் பக்கம் போட்டால் அடுப்பு. அந்தச் சுவர் வந்தால் வேறெங்கும் போகாது, நேரே அந்த மனிதர் மேல்தான் வரும். எழுந்து ஓட முடியாத மனிதர்.

அதனால் அந்த மூலையை மனதில் வைத்தே வேலையின் வரிசையைத் தீர்மானித்தேன். பொக்லைன் மிஷின் தென்மேற்கில் இறங்க வேண்டும். அங்கிருந்து தோண்டிக்கொண்டே வந்து வடகிழக்கைக் கடைசியில் தொட வேண்டும். அங்கேயும் ஒரேயடியாக வாரக் கூடாது. கொஞ்சம் தோண்டி, அந்த இடத்தில் கான்கிரீட் சுவர் எழுப்பி, அது இறுகிய பிறகுதான் அடுத்த துண்டு. வேலை அந்த மூலைக்கு வருவதற்கு முன் அந்தக் குடும்பத்தை வேறு இடத்தில் தங்க வைக்க வேண்டும். இதையெல்லாம் வரைபடத்தில் போட்டு, லாட்ஜ் முதலாளியையும் வேலையை எடுத்த மேஸ்திரியையும் அலுவலகத்துக்கு வரவழைத்து, எங்கள் சார் எதிரிலேயே விளக்கினேன்.

முதலாளிக்குத் தெலுங்கும் தமிழும் கலந்துதான் வாயில் வரும். எதைச் சொன்னாலும் "ஏம் காதம்மா" என்பார். ஒன்றும் ஆகாது என்று அர்த்தம். அன்றைக்கும் அதையே சொன்னார். ஆனால் நல்லபடியாகவே, "அந்த மூலைக்கி வர்றப்ப என் பழைய லாட்ஜ்ல ரூம் குடுத்துட்றேன், சும்மா இருக்கட்டும்" என்று ஒப்புக்கொண்டார். மேஸ்திரி வரைபடத்தை நெடுநேரம் பார்த்தார். என் முகத்தை ஒரு முறை பார்த்தார். பிறகு, "சரி மேடம்" என்று மடித்து வைத்துக்கொண்டார். அவர் ஒரு கேள்வியும் கேட்காதது எனக்கு நிம்மதியாக இருந்தது.

எங்கள் பக்கத்தில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, வீட்டுக்குப் பள்ளம் எடுத்தால் முதல் மண் ஈசானி மூலையில்தான், அதாவது வடகிழக்கில். தென்மேற்கில் பள்ளம் விழுந்தால் வீட்டுக்காரனுக்கே ஆகாது என்பார்கள். தெலுங்குக்காரர், தமிழர் என்ற பேதமே கிடையாது இதில். எங்கள் அப்பா தறிக்கொட்டகைக்கு ஒரு மூலை மாற்றித் தோண்டிவிட்டு, காலமெல்லாம் வந்த காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் அதையே காரணம் சொன்னவர். அதனால் பூஜையை மட்டும் ஈசானி மூலையில் வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டிருந்தேன். கடப்பாரையால் சின்னக் குழி எடுத்து, நவதானியமும் பாலும் விட்டு, தேங்காய் உடைத்தார்கள். பக்கத்து வீட்டு அக்காவும் வந்து சுண்டல் வாங்கிக்கொண்டு போனார். உங்கள் பக்கம் கடைசியில்தான் வருவார்கள் என்று அவரிடம் சொல்லியிருந்தேன். "மிஷின் அந்தப் பக்கம்தான் எறங்கணும்" என்று முதலாளியிடம் மறுபடி சொன்னேன். "தெலுசம்மா, தெலுசு" என்றார், தெரியும் என்று.

மறுநாளே வரதய்யபாளையம் பக்கம் ஒரு கம்பெனி ஷெட் வேலைக்குப் போக வேண்டியிருந்தது. சில நாள் அங்கேயே ஓடிவிட்டது. நடுவில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மழை என்றால் மிஷின் இறங்காது, இறங்கினாலும் தென்மேற்கில்தானே என்று இருந்தேன்.

திருப்பதி அலுவலகத்துக்குத் திரும்பி வந்த அன்று, மதியச் சோற்றுக்கு டப்பாவைத் திறக்கும்போது அந்த அக்கா போன் செய்தார். குரல் தாழ்ந்திருந்தது.

"மேடம், ஒண்ணும் இல்ல, சும்மாதான் கேக்கறேன். மிஷின் எங்க சுவராண்டயே வேலை செய்துக்கினு இருந்துச்சி காத்தால புடிச்சி. இப்பதான் துன்னப் போயிருக்காங்க. அவரு நல்ல கைய சுவர்ல வெச்சிக்கினு எடுக்கவே மாட்றாரு. சுவரு ஜில்லுனு இருக்குது. அது எதனால மேடம்?"

"அக்கா, அவர வெளிய கொண்டாங்க. இப்பவே. நான் வந்துக்கினே இருக்கேன்." "நான் ஒருத்தி எப்பிடித் தூக்கறது மேடம்?" என்றார். நான் அதற்குள் படி இறங்கிவிட்டேன்; மேஸ்திரிக்குப் போட்ட போனை அவர் எடுக்கவில்லை. ஸ்கூட்டர் ஓட்டிய பத்து நிமிடத்தில் மேஸ்திரியை எத்தனை வசவு வைதேன் என்று எனக்கே தெரியாது. வாய்விட்டே வைதேன். சிக்னலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மனைக்குப் போனதும் பள்ளத்தைத்தான் பார்த்தேன். ஈசானி மூலையில், கத்தியால் வெட்டிய மாதிரி நேராக, ஆழமாக எடுத்திருந்தார்கள். அந்த வீட்டின் கடைக்கால் வெளியே தெரிந்தது. கடைக்கால் என்று சொல்லவே வாய் வரவில்லை. முழங்கால் ஆழத்தில் உருண்டைக் கல் அடுக்கு, அவ்வளவுதான். அதற்குக் கீழே வெறும் செம்மண். அந்த மண்ணிலிருந்து தண்ணீர் கசிந்து, கட்டி கட்டியாக, யாரும் தொடாமலேயே உதிர்ந்துகொண்டிருந்தது. உதிர்வது பெரிய சத்தமில்லை. பொத்து, பொத்து என்று விழுந்தது. கொஞ்சம் தள்ளி நிழலில் உட்கார்ந்து மேஸ்திரியும் ஆட்களும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் மேஸ்திரி சிரித்த முகமாக எழுந்தார்.

"சிரிக்காதய்யா!" என்று கத்தினேன். "அந்த ஊட்டுக்குள்ள ஓடு! நாலு பேரும் ஓடுங்க! அங்க ஒரு ஆளு படுத்துக்கினு இருக்காரு!"

கை கழுவாமல் ஓடி வந்தார்கள். நல்லவேளை, ஏன் என்று கேட்டு நிற்கவில்லை. உள்ளே போனால் கட்டிலோடு தூக்க முடியவில்லை, வாசல் குறுகல். போர்வையோடு தூக்கச் சொன்னேன். அப்போதுதான் அந்த மனிதர் இடது கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அந்த ஒரு கையில் அவ்வளவு பலம். விடவே மாட்டேன் என்கிறார். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் மட்டும் வந்தது. "விடுய்யா, விட்டுடுய்யா, உனக்குக் கோடிப் புண்ணியம்" என்று அக்கா அழுகிறார். ஓடுகளுக்கு நடுவிலிருந்து மண் சரசரவென்று கொட்டத் தொடங்கியது. அவர் விரல்களை ஒவ்வொன்றாக நான்தான் பிரித்தேன். அவர் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தூக்கிக்கொண்டு போய், முகம் எதிர் வீட்டுப் பக்கமாக இருக்கும்படி அதன் நிழலில் கிடத்தினோம். திரும்பிப் பார்ப்பதற்குள் பின்சுவர் உட்கார்ந்தது. சாயவில்லை, உட்கார்ந்தது. கூரை அதன் மேல் மடங்கியது. தூசி அடங்கிய பிறகு கட்டில் இருந்த இடத்தில் ஓடும் செங்கல்லும்தான் தெரிந்தன. அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு, "கடைசிலதானே இங்க வருவாங்கன்னு சொன்னே மேடம்?" என்று கேட்டார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. அழுதேன்.

மேஸ்திரியைத் தனியாக இழுத்துக் கேட்டேன், வரைபடம் இருந்தும் ஏன் இப்படிச் செய்தாய் என்று.

"தென்மேற்குல மொதல் பள்ளம்னு போட்டிருந்துச்சி மேடம். அந்த மாதிரி யாருனா எடுப்பாங்களா? நீங்க தெரியாம மாத்திப் போட்டுட்டீங்கன்னு நெனச்சேன். உங்க சார் எதிர்ல சொன்னா உங்களுக்குத்தானே அசிங்கம்? அதான் வாய மூடிக்கினு வந்து நானே சரி பண்ணிக்கினேன்."

அவர் பொய் சொல்லவில்லை. என் மானத்தைக் காப்பாற்றுவதற்காக ஒரு மனிதரைக் கொல்லப் பார்த்திருக்கிறார். இப்படி ஒரு நல்ல மனதை எந்த வரைபடத்தில் எழுதி நிறுத்துவது?

வந்து பார்த்த கார்ப்பரேஷன்காரர்கள் மிச்ச வீட்டிலும் குடியிருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அவர்களால் திருப்பிக் கட்ட முடியுமா? சீக்கிரமே லாட்ஜ் முதலாளியே அந்த இடத்தை வாங்கிக்கொண்டார். அக்கா கணவரை அழைத்துக்கொண்டு பிச்சாட்டூருக்குத் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். போன பிறகு ஒரு நாள் பேசினேன். சாப்பிடுகிறாரா என்று கேட்டேன்.

"துன்றாரு மேடம். ஆனா உன் பேச்செடுத்தா மொகத்தத் திருப்பிக்கிறாரு. சுவரு வுழுந்தத அவரு பாக்கலயே. நாலு ஆள இட்டாந்து ஊட்ட வுட்டு என்னிய தூக்கிப் போட்டது அந்த அம்மாதான்னு நெனச்சிக்கினு இருக்காரு. எவ்ளோ சொன்னாலும் நம்ப மாட்றாரு. நீ மனசுல வெச்சிக்காத."

இது நடந்து கொஞ்ச நாளில் முதலாளி எங்கள் அலுவலகத்துக்கு லட்டுப் பிரசாதத்தோடு வந்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை.

"பாத்தியாம்மா, ஏம் காதுன்னு அன்னிக்கே சொன்னேன். ஒரு உசுருக்கும் ஒண்ணும் ஆகல. ஈசானியத்துல எடம் சேர்ந்தா எவ்ளோ யோகம் தெரியுமா? தேடினாலும் கெடைக்காது. சாமியே குடுத்துட்டாரு."

பிரசாதம் என்பதால் கையில் வாங்கினேன். வாயில் போட மனம் வரவில்லை. சார் புதிய மனையின் அளவுகளை மேஜைமேல் விரித்தார். செல்லாரை அந்த வீடு இருந்த இடம்வரை நீட்ட வேண்டுமாம். மனை வளர்ந்ததால் ஈசானி மூலையும் நகர்ந்திருந்தது. அந்தப் புது மூலையை ஒட்டி ஒரு நீளச் சுவர். அதற்கு அந்தப் பக்கம் வாடகைக் குடித்தனங்கள் வரிசையாக இருப்பதை நான் வண்டியில் போகும்போது பார்த்திருக்கிறேன். காலையில் அந்தச் சுவரோரமாகத்தான் அத்தனை அடுப்பும் எரியும்.

"நான் போட மாட்டேன் சார்" என்றேன். "எனக்கு வேணாம் இந்த வேலை."

சார் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரிம்மா. நீ போடலன்னா வேற ஆளு போடுவாங்க. ஆனா அவங்க அந்தக் குடித்தனக்காரங்க கதவத் தட்ட மாட்டாங்க" என்றார்.

முதலாளி போனை எடுத்து யாருக்கோ தெலுங்கில் மிஷினுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை நல்ல நேரம், ஈசானியத்தில் முதல் மண் எடுத்துவிட வேண்டும் என்றார். நான் லட்டை மேஜைமேல் வைத்துவிட்டு, சார் விரித்த அளவுத் தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, ஸ்கூட்டர் சாவியைத் தேடினேன்.