சொர்ணலதாவை வாசலில் நிறுத்திய நாள்

தேனி கடைவீதியில் ஒரு துணிக்கடை. அதன் மாடியில் சேலைப் பிரிவுக்குச் சுந்தர்ராஜ் மேற்பார்வையாளர். பெரிய முதலாளி இருந்தவரைக்கும் தவறு செய்தவர்களைக் கூப்பிட்டு நாலு ஏச்சு ஏசுவார், அதோடு சரி. 2008இல் அவர் மகன் படிப்பை முடித்துவிட்டு வந்து கல்லாவில் உட்கார்ந்தார். மாடியில் கேமரா மாட்டினார். கூடவே ஒரு வார்த்தையும் கொண்டுவந்தார்: பீனலைஸ்.

வேலை நேரத்தில் உட்கார்ந்தால் பீனலைஸ். சிரித்துப் பேசினால் பீனலைஸ். சம்பளத்தில் கைவைப்பதில்லை. கடை வாசலில், வெயிலில், பொழுது சாயும்வரை கைகூப்பி நின்று வருகிறவர்களை வரவேற்க வேண்டும்.

சட்டை எடுக்க வந்த இங்கிலீஷ் வாத்தியார் ஞானதுரையிடம் சுந்தர்ராஜ் அதற்கு அர்த்தம் கேட்டார்.

"தண்டனை விதிக்கிறதுப்பா. அதிகாரம் உள்ளவுக செய்யிறது."

"தப்புப் பண்ணுனவுகளுக்குத்தான சார்?"

"அப்பிடித்தான். ஆனா ஒரு சட்டம் ஒருத்தருக்குப் பாதகமா முடிஞ்சாலும் அதே வார்த்தைதான். பஸ் இல்லாத ஊர்க்காரனை லேட்டுன்னு வெளிய நிறுத்துனா, தப்பே பண்ணாதவனும் பீனலைஸ் ஆகுறான்."

"அப்ப அந்த வார்த்தை எங்க கடைக்குன்னே அளவெடுத்துத் தச்ச சட்டைதான் சார்."

முதலாளி படியேறினால் சுந்தர்ராஜ் முழக்கோலால் மேசையைத் தட்டுவார். கால் கடுத்து உட்கார்ந்திருக்கும் பெண்கள் எழுந்துவிடுவார்கள். ஆடித் தள்ளுபடி தொடங்கிய அன்று சொர்ணலதா சேலைக் கட்டுகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். அவர் பழக்கப்படி படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கேமரா படியேறி வராது என்பது ஃபோன் அடித்தபோதுதான் உறைத்தது.

"அந்தப் பொண்ண வாசல்ல நிறுத்துங்க," என்றார் முதலாளி.

"எந்திரித்தா. ஒடம்புக்கு என்ன?" சுந்தர்ராஜ் அவளிடம் போய்க் கேட்டார்.

அவள் முந்தானையை வயிற்றுக்கு மேல் இழுத்துவிட்டாள். "அஞ்சு மாசம்ணே. சொல்லிராதீக. தெரிஞ்சா வேலைய விட்டு நிறுத்திருவாக. இங்க வேலை பாத்த மொக்கம்மாள, மாசமா இருக்கான்னு தெரிஞ்சதும் அப்பிடித்தான அனுப்புனாக? எங்க வீட்டுக்காரரு கால் ஒடிஞ்சு கெடக்காக."

"மயக்கம்னு சொல்லிப் பாக்கட்டா?"

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவாக. அங்கன தெரிஞ்சிரும்."

சொன்னால் வேலை போய்விடும். சொல்லாவிட்டால் வெயில். வேறு வழி எதுவும் தட்டுப்படாமல் அவளைக் கீழே அழைத்துப் போனார்.

"நெழல் நகர்ற பக்கமா நகந்துக்கத்தா."

"நகந்தா அதுக்கும் வாசல்தானண்ணே?" என்று சிரித்தாள்.

உச்சிப்பொழுதில் அவர் எட்டிப் பார்த்தபோது அவள் ஒரு கையால் கதவுப் பிடியைப் பற்றியிருந்தாள். சுந்தர்ராஜ் அவளுக்கு வெயில் மறைக்கிற மாதிரி போய் நின்று, தானும் கைகூப்பினார்.

"அண்ணே, அங்கன உங்களுக்கு என்ன வேலை? மாடியில கூட்டம் நிக்கிது!" கல்லாவிலிருந்து சத்தம் வந்தது.

"இந்தா போறேன் தம்பி."

"போங்கண்ணே," என்றாள் அவள். "நீங்க நின்னா என்ன ஏதுன்னு கேப்பாக."

அவர் படியேறினார். காமயகவுண்டன்பட்டியிலிருந்து கல்யாணத்துக்குத் துணி எடுக்க வந்திருந்தார்கள். அரக்குச் சேலையைக் கையில் வாங்கிய அம்மாள் சொன்னாள்: "கீழ நிக்கிற பொண்ணுக்கு எம்புட்டுத் திமிரு! வாங்கன்னு ஒரு வார்த்தை வாயத் தொறந்து சொல்லல. எங்களப் பாத்து மூஞ்சியச் சுளிக்குது."

"புதுப் பொண்ணுங்கம்மா. கண்டிச்சு வைக்கிறேன்," என்று சொல்லிவிட்டு, சுந்தர்ராஜ் அடுத்த சேலையை விரித்தார்.