ஷேர் அண்ணாச்சியின் மாடி

ரங்கூனிலிருந்து நடந்தே ஊர் வந்து சேர்ந்தவர்களில் என் அண்ணனும் ஒருவர். அங்கே அவர் வைத்திருந்த பலசரக்குக் கடை ஜப்பான்காரன் போட்ட குண்டில் எரிந்துபோனது. மதினியையும் மகளையும் கூட்டிக்கொண்டு ஆரக்கான் மலைப்பாதையில் இறங்கியிருக்கிறார். வழியில் மதினி வாந்திபேதியில் இறந்துபோனாள். குழி தோண்டக்கூட வழியில்லை. பாதையோரம் கிடத்தி, மேலே தழையைப் போட்டு மூடிவிட்டு நடந்தார்களாம். அண்ணன் இதை என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார்.

எங்களுக்குச் சாத்தான்குளம். நான் கல்யாணம் செய்துகொள்ளாமல் தூத்துக்குடியில் மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தேன். அண்ணனும் மகளும் என் வீட்டுக்கு வந்தார்கள். அவர் இடுப்பில் கட்டிக்கொண்டு வந்த துணிப்பட்டையில் மதினியின் நகைகளும் கொஞ்சம் பொன்காசும் இருந்தன. இருபது வருஷ உழைப்பில் மிஞ்சியது அவ்வளவுதான்.

அண்ணனுக்குப் பஞ்சு மூட்டைகள் அடுக்கிவைக்கும் கிட்டங்கி ஒன்றில் எடை எழுதும் வேலை கிடைத்தது. போனார், வந்தார். யாரோடும் பேச்சு இல்லை. தெருவில் தகர டப்பா உருண்டால்கூடத் திடுக்கிட்டு எழுந்துவிடுவார். சுருட்டு பிடித்துக்கொண்டு வாசலைப் பார்த்தே உட்கார்ந்திருப்பார்.

யுத்தம் முடிகிற சமயத்தில் ஒரு ஜவுளிக் கடையின் மாடியில் ஒருவர் ஆபீஸ் போட்டார். யுத்தத்துக்கு முன்னால் கதவடைத்த ஒரு பாங்கில் ஏஜெண்டாக இருந்தவர். அந்த பாங்கு ஏன் கதவடைத்தது என்று அவரிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. சலவை வேட்டி, மடிப்புக் கலையாத கோட்டு, சாந்தமான குரல். எந்தக் கம்பெனிப் பங்கை வாங்கலாம், எதை விற்கலாம் என்று ஆலோசனை சொல்வார். மெட்ராஸிலிருந்து தந்தி வந்ததும் அன்றைய விலைகளைக் கரும்பலகையில் எழுதிப்போடுவார். ஊர் அவரை ஷேர் அண்ணாச்சி என்றது.

கிட்டங்கி ஆட்களோடு அண்ணனும் ஒருநாள் அந்த மாடிக்குப் போனார். திரும்பி வந்தபோது முகமே வேறாக இருந்தது.

"ஏளா, அந்த அண்ணாச்சி என்ன சொல்லுதாவ தெரியுமா? கடைன்னா குண்டு போட்டு எரிக்கலாம். சரக்குன்னா கொள்ளை போவும். ஒரு மில்லுல பங்கு வச்சிருந்தா அதை எவன் எரிக்க முடியும்? நீ எந்த ஊருக்கு ஓடுனாலும் அது உன் பேர்லதான் இருக்கும்."

எரிந்த கடையைப் பார்த்த ஒரு மனுஷனிடம் இதைவிடப் பொருத்தமாக யாரும் பேசியிருக்க முடியாது. ஆலோசனை சொல்கிறவர்களின் திறமை அதுதான் என்று பிறகு எனக்குப் புரிந்தது. அவர்களுக்குச் சந்தை தெரிகிறதோ இல்லையோ, எதிரே உட்கார்ந்திருப்பவனின் பயம் தெரிகிறது.

முதலில் அந்தப் பொன்காசை விற்றுக் கோயம்புத்தூர் மில் ஒன்றின் பங்கை வாங்கினார். அது ஏறியது. இன்னொன்றை வாங்கினார். அதுவும் ஏறியது. துணிக்கு ஜனங்கள் ரேஷன் வரிசையில் நின்ற காலம் அது. அந்த மில்லிலேயே வேலைநிறுத்தம் என்று பேப்பரில் படித்தேன். அந்த வாரமும் விலை ஏறியது.

"வேலையே நடக்கலியே, எதுக்கு ஏறுது?" என்று கேட்டேன்.

"எல்லாரும் வாங்குதாவ."

"எல்லாரும் எதுக்கு வாங்குதாவ?"

"ஏறுதுல்லா, அதான். நீ பிள்ளைகளுக்குச் சொல்லிக்குடுக்கிற கணக்கு வேற, இது வேற."

எங்கள் சிறுவயதில் இந்தக் கடலில் முத்துக் குளித்துச் சலாபம் நடந்தபோது அப்பா எங்களைக் கூட்டிவந்து காட்டியிருக்கிறார். சிப்பியைத் திறக்காமலே குவியல் குவியலாக ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருக்கிறதா என்று விற்பவனுக்கும் தெரியாது, வாங்குபவனுக்கும் தெரியாது. ஆனால் சில நாளில் சிப்பி அழுகும், ஊரே நாறும், அலசிப் பார்த்தால் உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும். பங்குக்கு அந்த நாற்றம் இல்லை. அழுகுவது வெளியே தெரியாது.

ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த ஒரு வருஷம் அண்ணன் உயிரோடு இருந்தார். சவரம் செய்துகொண்டார். மகளை டாக்டருக்குப் படிக்கவைக்கப்போவதாக ஞாயிற்றுக்கிழமை சபையில் எல்லோரிடமும் சொன்னார். நல்ல மீனாக வாங்கிவந்து என்னைக் குழம்பு வைக்கச் சொன்னார். ஒருநாள் சிரித்தார்.

மதினியின் நகைகளையும் விற்கப்போகிறார் என்று தெரிந்ததும் நானே அந்த மாடிக்குப் போனேன். ஷேர் அண்ணாச்சி எழுந்து நாற்காலி போட்டார்.

"நீங்க சொல்லுத பங்கெல்லாம் நீங்களும் வாங்கியிருக்கீயளா?" என்று கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "மருந்து எழுதிக்குடுக்கிற டாக்டர் அந்த மருந்தைக் குடிக்கணுமா, டீச்சரம்மா?"

"குடிக்க வேண்டாம். பாட்டிலுக்கு இவ்வளவுன்னு கமிஷன் வாங்குத டாக்டர்கிட்ட நான் போக மாட்டேன்."

அவர் லேசாகச் சிரித்தார். "வாங்கினாலும் எனக்குக் கமிஷன், வித்தாலும் எனக்குக் கமிஷன். நான் மறைச்சது கிடையாது. உங்க அண்ணனுக்கும் தெரியும்."

அண்ணனுக்குத் தெரிந்துதான் இருந்தது. நகைகளை விற்றார். விற்ற பிறகு அவர் மகள் அடுக்களையில் என்னிடம் கேட்டாள்: "அம்மா வளையலையுமா, அத்தை?" நான் தலையசைத்தேன். அவள் திரும்பி அரிசியைக் களைய ஆரம்பித்தாள்.

வெள்ளைக்காரன் போகப்போகிறான் என்ற பேச்சும், புது வரி வருகிறது என்ற பேச்சும், வடக்கே வெட்டு குத்து என்ற செய்தியும் சேர்ந்து வந்தன. விலை இறங்கியது. மாடிக்கு ஓடியவர்களிடம் ஷேர் அண்ணாச்சி, "பொறுங்க, திரும்பும்" என்றார். பிறகு, "மலிவா கிடைக்கிற நேரம் இதுதான், இன்னும் கொஞ்சம் வாங்குங்க" என்றார். அண்ணன் கடன் வாங்கி இன்னும் பங்கு வாங்கினார். ஒரு கம்பெனி மூடியே போனது. மற்றவற்றை விற்றால் கடனுக்கும் காணாது என்ற நிலை வந்தபோதுதான் கரும்பலகையில் எழுதுவது நின்றது.

அண்ணன் மறுபடியும் வாசலைப் பார்த்து உட்கார ஆரம்பித்தார். ஆரக்கானில் பிடித்த காய்ச்சல் அடிக்கடி வந்தது. கிட்டங்கி வேலையும் போயிற்று. டாக்டர் படிப்புப் பேச்சு வீட்டில் இல்லாமல் போனது. அவர் மகளை நான் டீச்சர் டிரெயினிங்கில் சேர்த்தேன்.

சுதந்திரம் வந்தபிறகு விலைகள் கொஞ்சம் அசைந்தன. கரும்பலகை திரும்ப வந்தது. ஷேர் அண்ணாச்சி அண்ணனைக் கூப்பிட்டு அனுப்பினார். சம்பளத்துக்கு ஆபீஸில் உட்காரச் சொன்னார். வருகிறவர்களோடு பேசிக்கொண்டிருந்தால் போதும் என்றாராம். இது எதற்கென்று எனக்குப் புரிய ஒரு மாதம் ஆயிற்று.

தருவைகுளத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்கு ஒரு பெண் வருவாள். அவள் மகள் என் வகுப்பில் படித்தாள். புருஷன் தோணி கவிழ்ந்து இறந்து, தோணிக்காரர் கொடுத்த நஷ்ட ஈட்டுப் பணம் அவள் கையில் இருந்தது. ஒருநாள் அந்த மாடிப்படியடியில் அவளைப் பார்த்தேன்.

"இங்கன எதுக்கு வந்தே?"

"பணத்தைப் போடலாம்னு, டீச்சர்."

"போடாதே. எங்க வீட்டுல எல்லாம் இதுலதான் போச்சு."

"உங்க கூடப்பொறந்த அண்ணாச்சிதான் போடச் சொன்னாவ. எல்லாத்தையும் தோத்தவுக அவுக. தோத்தவுக பொய் சொல்லுவாவளா?"

அவள் படியேறிப் போனாள்.

அன்று சாயங்காலம் அண்ணனிடம் கேட்டேன். அவர் சுருட்டைப் பற்றவைக்கவில்லை, விரலில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"நான் பொய் சொல்லல. இந்தத் தடவை ஏறும், ஏளா. ஆள் சேரச் சேர ஏறும். ஏறுனா நாம விக்காம வச்சிருக்கிறதும் ஏறும்லா."

அவர் முகத்தில் வஞ்சகம் இல்லை. இருந்திருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். எழுந்து உலையை வைத்தேன்.

அந்தப் பெண் பாதிப் பணத்தைப் போட்டாள். ஏறியது கொஞ்சம், இறங்கியது அதிகம். பிறகு அவள் கருவாட்டுக் கூடையோடு எங்கள் தெருவிலேயே வந்தாள். என்னைப் பார்த்தால் "டீச்சர்" என்று கும்பிடுவாள். அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை குறையாகச் சொன்னதில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் முற்றி அண்ணன் இறந்தார். கடைசி நாட்களில் மதினியின் பேரைச் சொல்லி, எழுந்து நட என்று சொல்லிக்கொண்டிருந்தார். அடக்கத்துக்குச் சபையார் வந்தார்கள், கிட்டங்கி ஆட்கள் வந்தார்கள். ஷேர் அண்ணாச்சி ரோஜா மாலையோடு வந்து, தலை குனிந்து நின்று, ஜெபம் முடியும்வரை இருந்தார். நல்ல மாலை.

கல்லறைத் தோட்டத்தை விட்டு வெளியே வரும்போது கிட்டங்கி ஆட்கள் இரண்டு பேர் அவர் பக்கத்தில் நடந்தார்கள்.

"இப்பம் எது வாங்கலாம், அண்ணாச்சி?" என்று ஒருவர் கேட்டார்.

இடத்துக்கு மரியாதை கொடுத்து, ஷேர் அண்ணாச்சி குரலைத் தாழ்த்திப் பதில் சொன்னார். இன்னொருவர் சரியாகக் காதில் விழவில்லை என்று திரும்பவும் கேட்டார். அண்ணன் மகள் என் கையைப் பிடித்து முன்னால் இழுத்துக்கொண்டு நடந்தாள்.