புழுத்துளையில் விட்டுப்போன கழித்தல் குறி

எம்.எஸ்ஸி. இரண்டாம் வருடம் படித்தபோது, உலகத்தில் யாருக்கும் தெரியாத ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாகப் பத்தொன்பது நாட்கள் நம்பிக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. காரைக்குடியில் ஒரு கல்லூரி. சாக்கோட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவேன். உட்கார இடம் கிடைத்தாலும் நின்றுகொண்டேதான் வருவேன். ஏன் என்று கேட்டால் அப்போது பதில் தெரிந்திருக்காது.

எங்கள் இயற்பியல் துறையில் படிகம் வளர்ப்பதுதான் பிரதான வேலை. உப்புக் கரைசலில் ஒரு சிறு விதைப் படிகத்தை நைலான் நூலில் கட்டித் தொங்கவிட்டு, அந்தக் கண்ணாடிப் பாத்திரத்தை வெந்நீர்த் தொட்டிக்குள் வைத்து, தொட்டியின் சூட்டை நாளொன்றுக்குக் கொஞ்சமாய்க் குறைத்துக்கொண்டே வரவேண்டும். மூன்று மாதத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு படிகம் வரும். வகுப்பில் எல்லோருடைய ஆய்வும் அதுதான். நான் மட்டும் வார்ம்ஹோல் பற்றிச் செய்கிறேன் என்று போய் நின்றேன். தமிழ்ப் பத்திரிகைகளில் புழுத்துளை என்று எழுதுவார்கள். எங்கள் சீனியர் ஒருவர் சென்னையிலிருந்து ஜெராக்ஸ் எடுத்து அனுப்பிய கட்டுரையைப் படித்துவிட்டு எனக்கு வேறு எதிலும் மனம் ஒட்டவில்லை.

"கண்ணுல பாக்க முடியாத சாமானுக்கு நான் எப்பிடிம்மா வைவா வைக்கிறது?" என்றார் எங்கள் வழிகாட்டிப் பேராசிரியர்.

"கணக்கா மட்டும் பண்றேன் சார். நீங்க சரின்னு சொன்னாப் போதும். சொல்றீகளா?"

"பண்ணிக்க. ஆனா லேப்பை விட்டு ஓடிறக் கூடாது. தொட்டியப் பாத்துக்கிட ஆளு வேணும்."

அப்படித்தான் என் சிநேகிதியின் தொட்டிக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு மேசை கிடைத்தது. அவள் திருப்பத்தூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். காரைக்குடியில் விடுதியில் தங்கியிருந்தாள். கரண்ட் போனால் தொட்டி சட்டென்று ஆறிவிடும். ஆறினால் கரைசலில் பொடிப் படிகங்கள் திரண்டு, வளர்ந்துகொண்டிருக்கும் படிகத்தைக் கெடுத்துவிடும். அதனால் மண்ணெண்ணெய் அடுப்பு ஒன்றைத் தயாராக வைத்திருப்பாள். கரண்ட் போன அடுத்த நிமிடம் அடுப்பைப் பற்றவைத்து, வெந்நீரை ஒரு குவளை, இரண்டு குவளை என்று தெர்மாமீட்டரைப் பார்த்துப் பார்த்து ஊற்றுவாள். சாயங்காலம் கிளம்பும்போது, ராத்திரி கரண்ட் போனால் வெந்நீர் ஊற்றும்படி வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டுப் போவாள். பகலில் அவளோ நானோ இருப்போம்.

ஒருநாள் தண்ணீர் ஊற்றிக்கொண்டே கேட்டாள். "அந்தப் பொந்துல என்னதான்டி இருக்கு?"

"நம்ம ஊர்ப் பெரிய வீடுகளப் பாத்திருக்கேல்ல. வாசல் ஒரு தெருவுல, பின்கட்டுக் கதவு அடுத்த தெருவுல. தெருவச் சுத்திப் போனா பத்து நிமிஷம். வீட்டுக்குள்ள புகுந்து போனா ரெண்டே நிமிஷம். வானத்துலயும் அப்பிடி ஒரு வழி இருக்கலாம்னு கணக்கு சொல்லுது. ஒளியே பல வருஷம் எடுத்துக்கிற தூரத்த உள்ள புகுந்து கடந்துறலாம்."

"வீட்டுக்காரக விடுவாகளா?"

"அதுதான் சிக்கல். நீ உள்ள போறதுக்குள்ள கதவு மூடிக்கிரும். மூடாமப் பிடிச்சு வைக்க ஒரு பொருள் வேணும். அந்தப் பொருளோட ஆற்றல் பூஜ்யத்துக்கும் கீழ இருக்கணும். அப்பிடி ஒண்ண யாரும் பாத்ததில்ல."

அவள் தெர்மாமீட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், "அப்ப விடமாட்டாக" என்றாள்.

எனக்கு அந்த 'விடமாட்டாக' போதவில்லை. கட்டுரையில் இருந்ததைத் திருப்பி எழுதினாலே ஆய்வேடு ஆகிவிடும். ஆனாலும் கழுத்தின் வடிவத்தை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். கழுத்து என்பது அந்த வழியின் மிகக் குறுகலான இடம். அங்கே ஆற்றல் அடர்த்தியையும் அழுத்தத்தையும் கூட்டினால் விடை பூஜ்யத்துக்குக் கீழே போகாத வடிவம் ஒன்றைத் தேடினேன். போகாவிட்டால் சாதாரணப் பொருளே கதவைப் பிடித்துக்கொள்ளும். வீட்டில் எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா தொடக்கப்பள்ளி ஆசிரியர். எந்தக் குடும்பம், எந்தப் பங்குக் கோயிலைச் சேர்ந்தவர்கள் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். படிப்பு முடிய நான்கு மாதம். அதற்குள் ஏதாவது நடந்தாகவேண்டும் என்று எனக்குள் ஒன்று குதித்துக்கொண்டே இருந்தது.

அது ஒரு வெள்ளிக்கிழமை மாலை நடந்தது. முந்திய நாள் நோட்டில் எழுதியிருந்த சமன்பாட்டைப் புதிய பக்கத்துக்கு மாற்றி எழுதி, கழுத்தின் மதிப்பைப் போட்டேன். விடை பூஜ்யத்துக்கு மேலே வந்தது. மறுபடி போட்டேன். மேலேதான். எழுந்து லேப்பைச் சுற்றி நடந்தேன். பேனா மூடியைக் கீழே போட்டுவிட்டு அதைத் தேடாமலே கிளம்பிவிட்டேன்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. "எங்குட்டுத்தான் பாக்குற? தட்டப் பாத்துச் சாப்பிடு" என்பாள் அம்மா. மாலை ஜெபமாலையில் மாலையின் பத்து மணிகளுக்குப் பதினொரு அருள்நிறை மந்திரம் சொல்லிவிட்டு, மற்றவர்கள் தேவரகசியம் என்னும் அடுத்த பகுதிக்குப் போனபிறகும் நான் அங்கேயே நின்றேன். காய்ச்சலா என்று அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் யாராவது எடுத்துக்கொள்வார்கள் என்ற பயம் ஒருபக்கம். தப்பு என்று காட்டிவிடுவார்கள் என்ற பயம் அதைவிடப் பெரிது. விடையை நாளுக்கு ஐந்து முறை சரிபார்த்தேன். ஒவ்வொரு முறையும் அந்தப் புதிய பக்கத்திலிருந்துதான் தொடங்கினேன்.

மதுரையில், சார்பியல் கொள்கை தெரிந்த ஓய்வுபெற்ற கணிதப் பேராசிரியர் ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டு அவருக்குக் கடிதம் எழுதினேன். திங்கட்கிழமை தபால் கார்டு வந்தது. புதன்கிழமை பதினோரு மணிக்கு வரலாம் என்று ஒரே வரி.

அதே திங்கட்கிழமை என் சிநேகிதி, "புதன்கிழமை அக்காவுக்கு நிச்சயம். ஒரே ஒரு நாள் தொட்டியப் பாத்துக்கிறியா?" என்று கேட்டிருந்தாள். அவளுடைய படிகத்துக்கு அப்போது எண்பது நாள் வயது. கற்கண்டு மாதிரித் தெளிவாக, எல்லாப் பக்கமும் கூர்மையாக இருந்தது. நான் சரி என்று சொல்லியிருந்தேன்.

வாக்கை மாற்றியிருக்கலாம். பேராசிரியருக்கு இன்னொரு கார்டு போட்டு வியாழக்கிழமை வருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். என்னால் ஒருநாள் பொறுக்க முடியவில்லை. நான்கு நாளாகக் கரண்ட் போகவில்லை, புதன்கிழமையும் போகாது, மூன்று மணிக்குத் திரும்பிவிடுவேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவளிடம் சொன்னால் நிச்சயத்துக்குப் போகாமல் இருந்துவிடுவாள், அதனால் சொல்லாமல் இருப்பதே அவளுக்கு நல்லது என்றுகூட ஒரு நியாயம் கண்டுபிடித்தேன்.

காலை பஸ் திருப்பத்தூர் வழியாகத்தான் மதுரை போகும். திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டில் அது கால் மணி நேரம் நின்றது. அவளோ அவள் வீட்டு ஆட்களோ பூ வாங்க வந்திருப்பார்களோ என்று சன்னலோரம் தலையைக் குனிந்து, முந்தானையால் முகத்தை மறைத்து உட்கார்ந்திருந்தேன். அன்றுதான் அந்த வருடத்தில் முதல்முறையாக பஸ்ஸில் முழுத் தூரமும் உட்கார்ந்து போனேன்.

பேராசிரியர் வீட்டில் சாப்பாட்டு மேசைக்கு எதிரே சுவரில் ஒரு கரும்பலகை இருந்தது. நான் நோட்டை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"அடுத்தவங்க எழுத்து எனக்கு ஓடாது. போர்டுல எழுதும்மா. முதல்ல இருந்து."

"நடுவுல இருந்து எழுதட்டுமா ஐயா? முதல் பாகம் கட்டுரையில உள்ளதுதான். நீங்க பாத்திருப்பீக."

"நான் பாத்திருக்கேன். நீ எழுது."

எழுதத் தொடங்கினேன். அரை மணி நேரம் ஆகியிருக்கும். அழுத்தத்துக்கான சமன்பாட்டுக்கு வந்தபோது என் கை தானாக ஒரு கழித்தல் குறியைப் போட்டது. போட்டுவிட்டு நின்றேன். நோட்டைத் திருப்பினேன். பழைய பக்கத்தின் கடைசி வரியில் அந்தக் குறி இருந்தது. புதிய பக்கத்தின் முதல் வரியில் இல்லை. வரி முடியும் இடத்தில் குறியைப் போட்டுவிட்டு, பக்கத்தைத் திருப்பி, குறியில்லாமல் எழுதியிருக்கிறேன். ஒரு சிறு கோடு. அதைப் போட்டுக் கூட்டினால் விடை பூஜ்யத்துக்குக் கீழேதான் போகும். எந்த வடிவக் கழுத்துக்கும் போகும்.

சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, "தப்பு ஐயா" என்றேன்.

அவர் பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஆமா" என்றார். பிறகு காப்பி சாப்பிடுகிறாயா என்று கேட்டார். நான் வேண்டாம் என்றேன். அவர் வீட்டில் அப்போது மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் காரைக்குடியில் அந்த நேரத்தில் கரண்ட் இல்லை.

நான் திரும்பி லேப்புக்குள் நுழைந்தபோது மணி நாலரை. என் சிநேகிதி நிச்சயத்துக்குக் கட்டிய பட்டுப்புடவையோடு தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். பந்தி முடிந்ததும் மனசு கேட்காமல் பஸ் ஏறி வந்துவிட்டாளாம். பதினொன்றிலிருந்து இரண்டரை வரை கரண்ட் இல்லை என்று வாட்ச்மேன் சொல்லியிருக்கிறார். பாத்திரத்தின் அடியில் உடைந்த கண்ணாடித் தூள் போலப் பொடிப் படிகங்கள் குவிந்து கிடந்தன. நூலில் தொங்கிய படிகத்தின்மேல் அவை கரடுமுரடாக ஒட்டியிருந்தன. நடுவில் குறுக்கே ஒரு விரிசல்.

"எங்குட்டுடி போயிருந்த?"

"மதுரைக்கு."

"எதுக்கு?"

"கணக்கக் காட்ட."

"சரியா வந்துச்சா?"

"இல்ல. தப்பு."

அவள் என்னைத் திட்டியிருந்தால் நான் அழுதிருப்பேன். அவள் நூலை அவிழ்த்து, படிகத்தை வடிதாளின்மேல் வைத்தாள்.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தீன்னா நான் வாட்ச்மேன்ட்ட சொல்லிட்டுப் போயிருப்பேன்ல" என்றாள்.

அது எனக்குத் தோன்றவே இல்லை. அத்தனை நியாயங்களைக் கண்டுபிடித்தவளுக்கு அந்த எளிய வழி தோன்றவில்லை.

மறுநாள் வழிகாட்டி கேட்டபோது அவள், "கரண்ட் போயிருச்சு சார்" என்று மட்டும் சொன்னாள். நான் பக்கத்தில்தான் நின்றேன், வாய் திறக்கவில்லை. அன்று முழுவதும் லேப்புக்கும் நூலகத்துக்கும் இடையே நடந்துகொண்டே இருந்தேன். வெள்ளிக்கிழமை காலை அவர் அறைக்குப் போய், தொட்டியைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு மதுரைக்குப் போனது நான் என்றேன்.

"இத எங்கிட்டச் சொல்லி என்னம்மா ஆகப் போகுது? ஏழு வாரம் இருக்கு. அவளோட சேந்து இன்னொண்ணு வளத்துக் குடு."

வளர்த்தோம். புது விதை, புதுக் கரைசல். காலை எட்டிலிருந்து மாலை வரை என் நாற்காலியைத் தொட்டியிலிருந்து ஒரு கை தூரத்தில் போட்டுக்கொண்டேன். எனக்கு அது பெரிய வதை. அரை மணிக்கு ஒருமுறை சூட்டைக் குறித்துக்கொண்டு சும்மா இருக்கவேண்டும். கால் தானாக ஆடும். எழுந்து சன்னல்வரை போய் உடனே திரும்பி வருவேன். கரண்ட் போன நாட்களே பரவாயில்லை, அடுப்பு, குவளை என்று வேலை இருக்கும். மீதி நேரத்தில் அந்த நாற்காலியிலேயே ஆய்வேட்டை எழுதினேன். சாதாரணப் பொருளால் வார்ம்ஹோலைத் திறந்து வைக்க முடியாது என்று முடித்தேன். அதன் இரண்டு வாய்களில் ஒன்றை வெகு வேகமாகக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்தால் அந்த வழியே காலத்தில் பின்னோக்கியும் போகலாம் என்று சிலர் சொல்வதைக் கடைசி அத்தியாயமாக வைத்தேன்.

பத்து நாள்வரை அவள் என்னிடம் சூட்டைத் தவிர எதையும் பேசவில்லை. பதினோராம் நாள், நான் எழுதிக்கொண்டிருந்த தாளை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"இதுல போனா அந்தப் புதன்கிழமைக்குப் போகலாமா?"

"போக முடியாது. அந்த வழிய என்னைக்கு அமைச்சாகளோ, அந்த நாளுக்கு முன்னால போகவே முடியாது. அந்தப் புதன்கிழமை அப்பிடி எதுவும் இல்லையே."

"அப்ப எதுக்குடி அது?"

தெரியவில்லை என்றே சொன்னேன். அவள் லேசாகச் சிரித்தாள். பிறகு தெர்மாமீட்டரைப் பார்த்து, கால் டிகிரி கூட இருக்கிறது, குறை என்றாள்.

வைவாவுக்கு வந்த வெளித் தேர்வாளர் என் ஆய்வேட்டைப் புரட்டிவிட்டு, "முடியாதுங்கிறதுக்கா இவ்வளவு பக்கம்?" என்று கேட்டார். "ஆமா சார்" என்றேன். என் வழிகாட்டி குனிந்து சிரிப்பை அடக்கிக்கொண்டார். நல்ல மதிப்பெண்ணே கிடைத்தது. என் சிநேகிதியின் புதிய படிகம் சுண்டுவிரல் நகத்தளவு வந்திருந்தது. ஒரு பக்கம் கொஞ்சம் மங்கல். அதில் அவள் திட்டமிட்டிருந்த அளவீடுகளில் பாதியைத்தான் எடுக்க முடிந்தது. முதல் இடத்தில் வருவாள் என்று எல்லோரும் நினைத்திருந்தோம். மூன்றாவதாக வந்தாள். முதல் இடத்துக்குக் கிடைக்கும் ஆராய்ச்சி உதவித்தொகை வேறொருவருக்குப் போனது.

எனக்கு அந்த வருடம் கல்யாணம் அமையவில்லை. அப்பாவிடம் சண்டைபோட்டு எம்.ஃபில். சேர்ந்து, கல்லூரி ஆசிரியை ஆனேன். அவள் திருப்பத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் டீச்சரானாள். கொஞ்ச வருடம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் பார்த்துக்கொண்டோம். கைகழுவும் இடத்தில் தனியாக நின்றபோது, அந்த உதவித்தொகை என்னால்தான் போனதா என்று கேட்டேன். எத்தனையோ நாள் கேட்க நினைத்துக் கேட்காதது.

அவள் ஈரக் கையை உதறினாள்.

"உன்னாலதான்னு சொல்ல முடியாது. உன்னால இல்லன்னும் சொல்ல முடியாதுடி" என்றாள். பிறகு, தன் மகளுக்குப் பாயசம் கிடைத்ததா என்று பார்க்கப் பந்திக்குள் போனாள். நான் குழாயை மூடிவிட்டு அவள் பின்னாலேயே போனேன்.