கோயில் இல்லாத மலை என்று சொல்லிவிட்டுப் போனேன்

என் வீட்டுக்காரர் சேகர் போன செப்டம்பரில் மாரடைப்பில் போய்விட்டார். ஜப்பானில் பனிமலை ஏறுவதற்கு நாங்கள் இருவரும் பதிந்து வைத்திருந்த பயணம் பிப்ரவரியில். அவருடைய டிக்கெட்டை ரத்து செய்தேன். என்னுடையதை ரத்து செய்ய மனசு வரவில்லை. குளிர்காலத்தில் தனியாக மலையேற நினைக்கும் நம் மலேசியத் தமிழர்களுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, உதவட்டும் என்று இதை எழுதுகிறேன்.

நம் குடும்பங்களில் சாவு விழுந்தால் ஒரு வருஷத்துக்கு மலைக்கோயில் ஏறக் கூடாது என்பார்கள். எங்கள் வீட்டில் அது எந்த மலையும் ஏறக் கூடாது என்று ஆகிவிட்டது. நான் பனிமலைக்குப் போகிற செய்தி கேட்டதும் சேகரின் அக்கா சுங்கை பூலோவிலிருந்து கிள்ளானில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கிவிட்டார். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன்.

“வருஷம் திரும்பல, அதுக்குள்ள மலையா? நாலு பேர் என்ன பேசுவாங்க?”

“பேசட்டும் அண்ணி. அந்த நாலு பேரா இந்த வீட்டுல தனியா கெடக்கறாங்க?”

“பொம்பள தனியா, அதுவும் ஐஸ் மலையில! உனக்கு மூளை இருக்கா இல்லயா?”

“அது கோயில் மலை இல்ல அண்ணி. வெறும் பனி. சாமியும் கிடையாது, பூசையும் கிடையாது.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

“அப்ப போய்த் தொல லா,” என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து கம்பளித் தொப்பி ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். வரும்போதே வாங்கி வந்திருக்கிறார்!

நான் பொய் சொல்லவில்லை. தத்தேஷினா என்ற அந்த மலையைத் தேர்ந்தெடுத்தவர் சேகர். உயரம் 2,531 மீட்டர், ஏற வேண்டியது எண்ணூறு மீட்டர், குளிர்காலப் பாதை எது என்பதை மட்டும்தான் நான் படித்திருந்தேன். பத்துமலை முருகன் கோயில் படிகளில் துக்க வருஷத்தில் பழக வழியில்லாததால், பையில் தண்ணீர் போத்தல்களை அடைத்துக்கொண்டு எங்கள் அடுக்குமாடியின் பதினேழு மாடிகளையும் இரண்டு மாதம் ஏறி இறங்கினேன். லிஃப்ட் கெட்டுவிட்டதா என்று காவலாளி தினமும் கேட்பார்.

கோலாலம்பூரிலிருந்து தோக்கியோவுக்கு ஏழு மணி நேரம். ஷின்ஜுகுவிலிருந்து சினோ என்ற சிற்றூருக்கு ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். குளிர்காலத்தில் மலையடிவாரத்துக்குப் பேருந்து இல்லை. டாக்சிக்குப் பன்னிரண்டாயிரம் யென், நம் காசுக்கு முந்நூற்று ஐம்பது ரிங்கிட் பக்கம். வயிறு எரியத்தான் செய்யும், வேறு வழியில்லை. திரும்புவதற்கும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

டாக்சி ஓட்டியவர் அறுபது வயதுக்காரர். எனக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார். அடிவாரத்தில் வண்டியை நிறுத்தி, கைப்பேசியின் மொழிபெயர்ப்புச் செயலியில் ஏதோ பேசினார். அது தமிழில் சொன்னது: “இந்த மலை ஒரு பெண் தெய்வம். உச்சியில் அவளுடைய கோயில் உள்ளது. கவனமாகச் செல்லவும்.”

சத்தியம் பண்ணிவிட்டு வந்திருக்கிறேனே! அப்படியே அதே டாக்சியில் திரும்பிவிடலாமா என்று காருக்குள் உட்கார்ந்து யோசித்தேன். யோசிக்க யோசிக்கக் கோபம்தான் வந்தது. சேகரைக் கொண்டுபோகும்போது எந்தச் சாமி என்னிடம் அனுமதி கேட்டது? இப்போது நான் மட்டும் எதற்குக் கேட்க வேண்டும்? இறங்கி ஸ்னோஷூவை மாட்டினேன். காலணிக்கு அடியில் கட்டிக்கொள்ளும் அகலமான தட்டு அது. இல்லாவிட்டால் புதுப் பனியில் தொடை வரை புதைந்துபோவோம்.

கோபத்தில் வேகமாக நடந்ததுதான் நான் செய்த முட்டாள்தனம். ஒரு மணி நேரத்தில் உள்சட்டை வேர்வையில் நனைந்துவிட்டது. மூச்சு வாங்க நின்றதும் அந்த ஈரம் ஐஸாக முதுகில் ஒட்டியது. மைனஸ் பதினான்கு. பல் கிடுகிடுவென அடித்துக்கொண்டது. மரத்தின் பின்னால் ஒதுங்கி, நடுங்கிக்கொண்டே சட்டையை மாற்றினேன். சேகர் இருந்திருந்தால் “மெதுவா போடி” என்று திட்டியிருப்பார். அங்கேயே நின்று அழுதேன். கண்ணீர்கூட இமையில் உறைந்துவிட்டது.

அதற்கு மேல் மெதுவாகத்தான் போனேன். பட்டுப்போன வெள்ளை மரங்களைத் தாண்டியதும் பாறையும் பனிக்கட்டியும்தான். ஸ்னோஷூவைக் கழற்றிப் பையில் கட்டிவிட்டு, காலணியில் இரும்பு முள் வைத்த கிராம்பானை மாட்டினேன். காற்று ஆளைத் தள்ளியது. இரண்டு இடத்தில் நாலு காலில்தான் போனேன். ஒன்றும் வெட்கமில்லை.

உச்சி ஒரு பெரிய பாறைத் திடல். நடுவில், பனியில் பாதி புதைந்து, ஒரு வாசல் வளைவும் சின்னக் கோயிலும். சொல்லாமல் மறைத்திருக்கலாம், யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் எனக்கு ஒளிந்துகொள்ளப் பிடிக்கவில்லை. அண்ணியைக் கூப்பிட்டேன்.

“அண்ணி, இங்க கோயில் இருக்கு. நான் வந்துட்டேன்.”

“கதவு தொறந்திருக்கா?”

“மூடியிருக்கு. பனி அடைச்சுக் கெடக்கு.”

“மூடியிருந்தா தோஷம் இல்ல லா.”

“தொறந்திருந்தாலும் வந்திருப்பேன் அண்ணி.”

திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன். மறுமுனையில் அவர் அழுவது கேட்டது. “அவன் பேரச் சொல்லு,” என்றார். “சத்தமா. எனக்கும் கேக்கட்டும்.”

தொண்டை கிழியக் கத்தினேன். மூன்று தடவை. ஐந்து மாதமாக அந்தப் பெயரைக் குடும்பத்தில் எல்லோரும் மெதுவாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். வானிலை அறிக்கையில் காற்று பலம் என்றிருந்தால் போகாதீர்கள். மதியம் ஒரு மணிக்குள் உச்சி தொடாவிட்டால் திரும்பிவிடுங்கள். தனியாகப் போனால் பாதையையும் திரும்பும் நேரத்தையும் தங்கும் விடுதியில் சொல்லி வையுங்கள். உள்சட்டை இரண்டு கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியை உடம்போடு ஒட்டி வையுங்கள், குளிரில் பேட்டரி செத்துவிடும். துக்க வருஷம், போகக் கூடாது என்று யாராவது தடுத்தால், நேருக்கு நேர் சண்டை போட்டுவிட்டுப் போங்கள். வீட்டில் அடைந்து கிடந்தால்தான் துக்கம் என்று எவர் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

வருஷம் திரும்ப இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. அதற்குள் இன்னொரு மலை பார்த்து வைத்திருக்கிறேன். அதன் உச்சியிலும் கோயில் இருக்கிறது என்று இந்த முறை முதலிலேயே அண்ணியிடம் சொல்லிவிட்டேன்.

“எனக்கும் மலையேற என்ன சைஸ் சப்பாத்து வாங்கணும்?” என்று தன் காலை நீட்டிக் காட்டிக் கேட்டார்.