அழகன் சொன்ன பொய்

அழகன் ராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பில் பிறந்தவர். முப்பது வருடமாக நுவரெலியாத் தெருவோர மரங்களில் ஏறிக் கிளை கழிப்பதுதான் வேலை. கத்தியின் முதுகால் அடிமரத்தைத் தட்டிப் பார்த்தே உள்ளே உளுத்திருக்கிறதா என்று சொல்லிவிடுவார். அதிகாரிகளும் அவர் காதைத்தான் நம்பினார்கள்.

போன வருடம் பெருமழைக்குப் பிறகு ஆபத்தான மரங்களைக் குறிக்கச் சொன்னார்கள். ஒரு ஹோட்டல் வாசலில் நான்கு சைப்ரஸ் மரங்கள் நின்றன. வெள்ளைக்காரன் காலத்தில் அழகனுடைய பாட்டன்மார் போன்ற கூலிகள் குழி வெட்டி நட்டவை. முதல் மரம் வாகனம் நிறுத்த இடைஞ்சலாக இருந்தது. "உளுத்துப் போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. ஒங்க மகளுக்கு இங்கேயே வேல தாறேன்" என்றார் ஹோட்டல்காரர்.

அழகன் தட்டினார். மரம் கெட்டியாகச் சத்தம் கொடுத்தது. "உள்ளெல்லாம் உளுத்துப் பொத்தலாப் போச்சு சேர்" என்றார் அதிகாரியிடம்.

அந்த மரத்தடியில் அவித்த சோளம் விற்ற பேச்சியம்மா மறுபேச்சுப் பேசவில்லை. "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும் அழகா" என்று தன் அடுப்பைத் தானே தூக்கி ஓரமாக வைத்தாள்.

மரம் விழுந்தது. அறுத்த இடம் முழுக்கச் செம்மஞ்சளாக, ஓர் ஓட்டைகூட இல்லாமல் பளபளத்தது. பேச்சியம்மா அதைத் தடவிப் பார்த்தாள்.

"கல்லு மாதிரி இருக்கே!"

அழகன் கயிற்றைச் சுருட்டுவதுபோல் குனிந்துகொண்டார்.

மகள் கிருஷாந்தி வேலைக்குப் போனாள். காலையில் அவள் சீருடை போடும்போதெல்லாம் அழகன் வாசலுக்கு வந்துவிடுவார். ஹோட்டல் தெரு வழியாகப் போவதையே விட்டுவிட்டார்.

இரண்டு மாதம் கழித்து அடுத்த மரத்தைத் தட்டிப் பார்க்க அதிகாரி அழைத்துப் போனார். ஹோட்டல்காரரும் பக்கத்தில் நின்றார். அழகன் கத்தியை எடுக்கவே இல்லை.

"இது நல்ல மரம் சேர். அன்னைக்கு வெட்டுனதும் நல்ல மரந்தான். நான் பொய் சொன்னேங்க."

மூன்று மரங்களும் தப்பின. ஆனால் மரம் பார்க்க அவரை யாரும் கூப்பிடுவதில்லை. இப்போது விழுந்த கிளைகளைப் பொறுக்கி லொறியில் ஏற்றுகிறார். கிருஷாந்தியை ஹோட்டல் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

"எனக்காகன்னு சொல்லாதீங்கப்பா. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா? அங்க வேல செஞ்சவங்க முன்னாடி எனக்கு மொகமே இல்ல" என்றாள் அவள்.

ஒரு மத்தியானம் பேச்சியம்மாவிடம் போனார். நிழல் போன இடத்தில் நான்கு கம்பு நட்டுத் மேலே தறப்பாள் விரிப்பைக் கட்டியிருந்தாள்.

"அக்கா, நான்தான்..."

"எல்லாம் கேள்விப்பட்டேன்" என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமல்.

காற்றோடு மழை பிடித்தது. தறப்பாளின் ஒரு முனை அவிழ்ந்து அடுப்பில் தண்ணீர் கொட்டியது.

"சும்மா நிக்காம அதப் புடி" என்றாள்.

மழை விடும்வரை அழகன் அந்த முனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நின்றார்.