பிரின்சிபால் ரூமில் ஒரு தூளி

போன வாரம் சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு கல்லூரிக்குப் போயிருந்தேன். என்னோடு எம்.ஏ. படித்த தேன்மொழி அங்கே பிரின்சிபால். வராண்டாவில், ஜெராக்ஸ் மெஷினை ஒட்டி மேஜை போட்டு உட்கார்ந்திருந்தாள். ரூமுக்கு பெயின்ட் அடிக்கிறார்களா என்று கேட்டேன்.

“உள்ளே குழந்தை தூங்குது” என்றாள்.

தலித் பிள்ளைகளை வேறெங்கும் எளிதில் சேர்த்துக்கொள்ளாத காலத்தில், அவர்களுக்காகவே தொடங்கிய கல்லூரி அது. இன்றும் பெரும்பாலும் அவர்கள்தான் படிக்கிறார்கள். ஆனால் வாத்தியார்கள் நிற்பதில்லை. படூர் பக்கம் புதுசு புதுசாக இன்ஜினியரிங் காலேஜ்கள்... நல்ல சம்பளம், வீட்டு வாசலுக்கே பஸ். போகிறவர்களைக் குறை சொல்ல முடியுமா?

கெமிஸ்ட்ரி எடுக்கும் மல்லிகா மட்டும் போகவில்லை. பிரசவ லீவு முடிந்ததும் அவரும் வேலையை விடுகிறேன் என்று வந்து நின்றார். கணவருக்கு ஷிஃப்ட் வேலை. சொந்தபந்தமெல்லாம் திருநெல்வேலியில். கைக்குழந்தையை யாரிடம் விடுவது?

பிசிக்ஸுக்கு ஏற்கெனவே ஆள் இல்லை. தேன்மொழி தன் ரூமைக் காலி செய்து தூளி கட்டச் சொன்னாள். மாமல்லபுரம் குப்பத்திலிருந்து வரும் ஆயா கன்னியம்மா பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டார். பிறகு டைப்பிஸ்ட்டின் குழந்தையும் வந்து சேர்ந்தது.

அப்போதுதான் அங்கீகாரத்தைப் புதுப்பிக்க ஆய்வுக் குழு வந்தது. தலைவர் கதவைத் தள்ளப்போக, கன்னியம்மா குறுக்கே நின்றார்.

“மெதுவா சார். கொயந்த தூங்கிகினு கீது.”

அவர் முகம் சிவந்துவிட்டது. பிரின்சிபாலுக்கு ரூம்கூட இல்லாத காலேஜுக்கு எப்படி அங்கீகாரம் தருவது என்று தேன்மொழியிடம் சீறினார்.

“ரூம் இல்லாம பிரின்சிபால் இருக்கலாம் சார். கெமிஸ்ட்ரிக்கு ஆள் இல்லாம காலேஜ் இருக்க முடியாது.”

அங்கீகாரம் வந்தது — ஒரே ஒரு வருஷத்துக்கு. அடுத்த வருஷம் மறுபடி இதே போராட்டம்.

அலுப்பாக இல்லையா என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“காலையில எழுந்திரிக்கவே பிடிக்கல. எல்லாரும் வேலையை விடறேன்னு என்கிட்ட வராங்க. நான் யார்கிட்ட போறது?”

பெல் அடித்தது. மல்லிகா சாக்பீஸ் கையோடு வந்து, தூளியை எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த வகுப்புக்கு ஓடினார். தேன்மொழி அவர் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாங்குகிறவர்களுக்கும் தோள் வலிக்கும், இல்லையா?